மரப்பிசின் பகுப்பாய்வில் கணக்கு உதைக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ பிசின் வாங்கி, பொடித்து, அதில் என்ன சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் எம்.எஸ்சி. புராஜெக்ட் ரொம்பச் சுலபமாகத் தெரியும். இரண்டாவது மாதம் வந்ததும் எண்கள் ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பிக்கும். அப்போது மாணவர்கள் முதலில் சந்தேகப்படுவது கருவியை. அது தப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பிழைக்குக் காரணம் இரண்டுதான்: கையில் இருப்பது எந்த மரத்தின் பிசின் என்று தெரியாமல் ஆரம்பித்தது, ஈரப்பதத்தைக் கழிக்காமல் கணக்குப் போட்டது. கீழே இருக்கும் அறிகுறிகள் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும், அதனால் உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதைப் படிப்பதற்கு முன்னால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"தண்ணீரில் கரையவே இல்லை"

தமிழில் பிசின் என்பது பொதுப் பெயர். கருவேலம் பிசினும் பிசின்தான், குங்கிலியமும் பிசின்தான். வேதியியலில் இரண்டுக்கும் உறவே கிடையாது. கருவேலம் பிசின் சர்க்கரைகள் கிளை கிளையாகக் கோத்த பெரிய மூலக்கூறு. குங்கிலியம் பெரும்பாலும் டெர்பீன் வகைச் சேர்மங்கள். ஆகவே முதலில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரிலும் இன்னொரு சிட்டிகையை ஆல்கஹாலிலும் போட்டு வையுங்கள். தண்ணீரில் எதுவும் நடக்காமல் ஆல்கஹாலில் கரைந்தால் அது ரெசின், இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு துண்டைத் தீயில் காட்டுங்கள்: குங்கிலியம் உருகி வாசனைப் புகையோடு எரியும், சர்க்கரைப் பிசின் உருகாமல் கருகி, சீனி கருகிய வாடை அடிக்கும். பெருங்காயம் போன்றவற்றில் இரண்டும் கலந்தே இருக்கும், கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அரபுப் பிசினும் (அக்கேசியா செனகல் என்ற மரத்தின் பிசின்) மாவும் வேறு சேர்த்திருப்பார்கள், அதை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு போராட்டம் வேண்டாம்.

தண்ணீரில் கரையாமல் ஊதி ஊதி ஜெல்லியாக நின்றால் அது வேறு கதை. மதுரை ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் ராத்திரி ஊறவைத்தால் காலையில் கிண்ணம் நிறைந்திருக்குமே, அந்த வகை. ஸ்டெர்குலியா மரத்தின் கராயா பிசினும் அப்படித்தான் ஊதும். டிராககாந்த் பிசினில் கரையும் பகுதி ஒன்று, ஊதும் பகுதி ஒன்று. வெக்காலி மரத்தின் காட்டி பிசினிலும் பெரும்பகுதி கரைந்து கொஞ்சம் ஜெல்லாகத் தங்கும். இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. வடிகட்டிக் கீழே இறங்கியதை மட்டும் ஆய்வு செய்துவிட்டு, "இந்தப் பிசினின் அமைப்பு இது" என்று எழுதிவிடுகிறார்கள். மேலே தங்கிய ஜெல்லைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, கரைந்தது எத்தனை சதவீதம் ஊதியது எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகச் சொல்லாத அறிக்கையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ஜெல்லையும் கரைத்தே ஆகவேண்டுமென்றால் வழி இருக்கிறது. கராயாவில் எடைக்குச் சுமார் 8 சதவீதம் அசிட்டைல் தொகுதிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன, அது கரையாமல் இருப்பதற்கு அவையே முக்கியக் காரணம். நீர்த்த காரத்தில் வைத்தால் அசிட்டைல் கழன்று பிசின் கரைந்துவிடும். ஆனால் கழன்றபின் அது பழைய பிசின் இல்லை என்பதை மறக்கக் கூடாது, அசிட்டைல் அளவை வேறொரு தனி மாதிரியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அசிட்டைல் காரணமாக இல்லாத ஜெல்களுக்கு நீர்த்த சோடியம் போரோஹைட்ரைடு கரைசலில் வைத்துப் பார்க்கலாம்.

கரையும் பிசினே கட்டி கட்டியாகத் திரண்டு நின்றால் அது வெறும் கைப்பழக்கம். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெளிப்புறம் நனைந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு அப்படியே இருக்கும். பொடியைச் சில துளி ஆல்கஹாலில் நனைத்துவிட்டு, பிறகு தண்ணீரைச் சேர்த்துக் கலக்குங்கள், அப்புறம் இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

"ஓவனில் வைத்தால் எடை குறைந்துகொண்டே போகிறது"

105 டிகிரியில் 5 மணி நேரம் என்பது அரபுப் பிசினுக்கு வழக்கமான அளவு. காற்றுலர்ந்த பிசினில் 12, 13 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம், மணிப் பிசினுக்கு 15 வரை விதிமுறையே அனுமதிக்கிறது. துண்டுகளாகவே வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும், அதனால் பொடித்துச் சல்லடையில் சலித்து மெல்லிய படலமாகப் பரப்புங்கள். பொடித்த பிறகும் எடை நிற்காமல் இறங்கினால் முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் கராயா, அசிட்டிக் அமிலமும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. பழுப்பேறிக் கருகல் வாடை வந்தால் ஓவன் சூடு அதிகம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஈரம் பார்த்த மாதிரியை மற்றச் சோதனைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள், சூடான பிசின் மாறியிருக்கும். உலர்த்தாத பொடியை எடையிட்டு எடுத்து, ஈரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எடையிடுதல்கள் எல்லாம் ஒரே நாளில் நடக்கட்டும், மழைக்காலத்தில் பொடி நாளுக்கு நாள் ஈரம் குடிக்கும்.

"மொத்தச் சர்க்கரை 100 சதவீதத்தைத் தாண்டிவிட்டது"

ஃபீனால் – சல்ஃப்யூரிக் அமிலச் சோதனையில், அதாவது சர்க்கரை தரும் நிறத்தின் ஆழத்தை வைத்து மொத்தச் சர்க்கரையைக் கணக்கிடும் சோதனையில், வரும் புகார் இது. டுபாய்ஸ் குழுவினர் 1956இல் வெளியிட்ட முறை, இன்றும் எல்லா ஆய்வகத்திலும் ஓடுகிறது, ஏனென்றால் மலிவு, வேகம். ஆனால் பிசினுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். சங்கிலியில் கோத்திருக்கும்போது ஒவ்வொரு சர்க்கரையும் ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்திருக்கிறது. நீங்கள் ஸ்டாண்டர்டாக, அதாவது ஒப்பிடும் அளவுகோலாக, வைத்தது தனிச் சர்க்கரை. அதனால் வரும் விடையைக் கேலக்டோஸ் போன்ற ஹெக்ஸோஸுக்கு 0.90ஆலும், அராபினோஸ் போன்ற பென்டோஸுக்கு 0.88ஆலும், ரம்னோஸுக்கு 0.89ஆலும் பெருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பத்துச் சதவீதத்துக்கு மேல் சும்மாவே ஏறிவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் எண் அதிகமாகவே இருந்தால் தூசியைச் சந்தேகப்படுங்கள். வடிதாளின் நார், டிஷ்யூ காகிதத்தில் சோதனைக் குழாயைத் துடைத்தபோது ஒட்டிய பஞ்சு, எல்லாமே செல்லுலோஸ். அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தில் செல்லுலோஸும் சர்க்கரையாகித்தான் நிறம் தரும். மூன்று குழாய்களில் ஒன்று மட்டும் எக்குத்தப்பாக எகிறினால் பெரும்பாலும் இதுதான். குழாய்களைத் துடைக்காமல் கவிழ்த்து வைத்து உலர்த்துங்கள், மாதிரியைக் கண்ணாடி இழை வடிகட்டியில் வடியுங்கள். அமிலத்தைக் குழாயின் சுவரில் வழியவிடாமல் திரவத்தின் நடுவில் நேராக, வேகமாக விடவேண்டும், அந்தச் சூடுதான் வினையை நடத்துகிறது. ஒரு குழாயில் மெதுவாகவும் அடுத்ததில் வேகமாகவும் விட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது: ஃபீனால் பட்ட தோல் முதலில் மரத்துப்போகும், வலி தெரியாது, தெரிவதற்குள் புண்ணாகியிருக்கும்.

"அதே சோதனையில் 60தான் வருகிறது"

இது அதைவிடச் சுவாரசியமான பிரச்சினை. முதலில் எவ்வளவு வரமுடியும் என்று பாருங்கள். ஈரம் 13, சாம்பல் 3.5, புரதம் 2 என்று வைத்துக்கொண்டால் மீதி 81.5தான், அதற்குமேல் எதிர்பார்ப்பதே தவறு. அந்த 81.5இலும் ஒரு பங்கு யூரோனிக் அமிலம் (சர்க்கரையின் அமில வடிவம்), அது இந்தச் சோதனையில் சர்க்கரையைவிடக் குறைவாகவே நிறம் தருகிறது. சூடான் நாட்டு அக்கேசியா செனகல் பிசினில் குளுக்குரோனிக் அமிலம் சுமார் 16 சதவீதம். கராயாவில் யூரோனிக் அமிலங்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கராயாவை வைத்துக்கொண்டு மொத்தச் சர்க்கரை குறைகிறதே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை, குறையத்தான் செய்யும்.

இன்னொரு காரணம், ஸ்டாண்டர்டுக்குக் குளுக்கோஸ் வைப்பது. அலமாரியில் குளுக்கோஸ் இருக்கிறது, அதனால் வைக்கிறோம், ஆனால் அரபுப் பிசினில் குளுக்கோஸே இல்லை. ஹெக்ஸோஸுக்கு 490 நானோமீட்டரில் உச்சம், பென்டோஸுக்கும் யூரோனிக் அமிலத்துக்கும் 480இல். உங்கள் பிசினில் உள்ள விகிதத்திலேயே கேலக்டோஸ், அராபினோஸ், ரம்னோஸ், குளுக்குரோனிக் அமிலம் நான்கையும் கலந்து ஒரு கலவை ஸ்டாண்டர்ட் செய்யுங்கள். செனகல் பிசினுக்குக் கேலக்டோஸ் நாற்பதைக் கொஞ்சம் தாண்டியும், அராபினோஸ் இருபத்தைந்தை ஒட்டியும், ரம்னோஸ் பதின்மூன்றை ஒட்டியும் வைத்துத் தொடங்கலாம். ஒரு நாள் வேலை கூடும், ஆனால் அதன்பின் வரும் எண்ணை நம்பலாம்.

யூரோனிக் அமிலத்தைத் தனியாகவே பாருங்கள். பழைய கார்பசோல் முறையில் நடுநிலைச் சர்க்கரைகள் பழுப்பு நிறத்தைக் கிளப்பிக் குழப்பும். 1973இல் வந்த மெட்டா-ஹைட்ராக்சி டைஃபீனைல் முறை எவ்வளவோ மேல், 520இல் படிக்க வேண்டும். அதிலும் பழுப்பு கொஞ்சம் வரும், அதனால் வினைபொருள் சேர்க்காமல் காரம் மட்டும் சேர்த்த ஒரு பிளாங்கை ஒவ்வொரு மாதிரிக்கும் வைத்துக் கழியுங்கள். அரபுப் பிசினுக்குக் குளுக்குரோனிக், கராயாவுக்குக் கேலக்டுரோனிக், ஸ்டாண்டர்டை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இதைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி டைட்ரேஷன். பிசின் கரைசலை ஹைட்ரஜன் வடிவ கேட்டயான் ரெசின் (குங்கிலிய வகை ரெசின் இல்லை, உப்பு அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செயற்கை மணிகள்) வழியாக விட்டால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் போய் அராபிக் அமிலம் தனியாக வரும். அதைக் காரத்தால் டைட்ரேட் செய்து சமான எடையை, அதாவது ஒரு மோல் காரத்தை நடுநிலையாக்க எத்தனை கிராம் பிசின் வேண்டும் என்பதை, கண்டுபிடியுங்கள். 17600ஐ அந்தச் சமான எடையால் வகுத்தால் யூரோனிக் அமிலத்தின் சதவீதம். 1100 வந்தால் 16 சதவீதம். நிறமும் இல்லை, ஸ்பெக்ட்ரோமீட்டரும் இல்லை, ஒரு பியூரெட் போதும். நிறமானி சொன்ன எண்ணும் பியூரெட் சொன்ன எண்ணும் ஒத்துப்போகும்போது வரும் நிம்மதியை அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

"நீராற்பகுத்தபின் பிளேட்டில் அடியிலேயே ஒரு பொட்டு நிற்கிறது, அராபினோஸைக் காணோம்"

நீராற்பகுத்தல் என்பது அமிலத்தில் சூடாக்கிப் பிசினைத் தனிச் சர்க்கரைகளாக உடைப்பது; பிளேட் என்பது அந்தச் சர்க்கரைகளைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் மென்படல நிறப்பிரிகைத் தகடு. மேலே சொன்ன இரண்டு புகாரும் ஒரே நோயின் இரண்டு முகம். பிசினில் எல்லா இணைப்பும் ஒரே பலமுள்ளவை அல்ல. வெளிப்புறத்தில் இருக்கும் அராபினோஸ் ஃபியூரனோஸ் வளையமாக (ஐந்து அணு வளையம்) இருப்பதால் இலேசான அமிலத்திலேயே உதிர்ந்துவிடும். குளுக்குரோனிக் அமிலம் கேலக்டோஸைப் பிடித்திருக்கும் பிடி மட்டும் லேசில் விடாது, இரண்டும் ஜோடியாகவே ஆல்டோபையுரோனிக் அமிலமாக நின்றுவிடும். பிளேட்டின் அடியில் நிற்கும் பொட்டு பெரும்பாலும் அந்த ஜோடி. அதை உடைக்கலாம் என்று இன்னும் எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் முன்னமே உதிர்ந்த அராபினோஸ் சிதைந்து போயிருக்கும்.

ஒரே நேரத்தை வைத்துக்கொண்டு எல்லாச் சர்க்கரைக்கும் சரியான விடை வாங்க முடியாது. 2 மோலார் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலத்தில் 100 டிகிரியில் வைத்து 1, 2, 4, 6, 8 மணிகளில் தனித்தனிக் குழாய்களை எடுங்கள். அராபினோஸ் எந்த மணியில் உச்சத்தைத் தொடுகிறதோ அந்த எண்ணை அராபினோஸுக்கும், கேலக்டோஸ் உச்சத்தைத் தொடும் எண்ணைக் கேலக்டோஸுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்குள் சிக்கிய கேலக்டோஸும் குளுக்குரோனிக்கும் அப்போதும் குறையும், அந்தக் குறையை மேலே சொன்ன யூரோனிக் சோதனையை வைத்து நிரப்பலாம். வசதி இருந்தால் மெத்தனாலிசிஸ் (தண்ணீருக்குப் பதில் அமிலம் சேர்த்த மெத்தனாலில் உடைப்பது), அதில் யூரோனிக் அமிலம் சிதையாமல் வரும்.

சல்ஃப்யூரிக் அமிலத்தில் நீராற்பகுத்து பேரியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கினீர்கள் என்றால் பொட்டுகள் வால் விட்டு இழுபடும். யூரோனிக் அமிலங்கள் பேரியம் உப்பாக இருப்பதுதான் காரணம், கொஞ்சம் கேட்டயான் ரெசினில் விட்டு எடுத்தால் பொட்டு திருத்தமாக நிற்கும். பேரியம் கார்பனேட் நஞ்சு, கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பிளேட்டில் பொட்டுகளை நிறமாக்கும் தெளிப்புக்கு அனிலின் ஹைட்ரஜன் தாலேட் நல்லது. பென்டோஸ் இளஞ்சிவப்பாகவும் ஹெக்ஸோஸ் பழுப்பாகவும் வரும். ரம்னோஸ் மேலே ஓடும், அராபினோஸ் அடுத்து, கேலக்டோஸ் அதற்கும் கீழே. கேலக்டோஸுக்குச் சற்று மேலே குளுக்கோஸ் பொட்டு ஒன்று தெளிவாகத் தெரிந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

வாயு நிறப்பிரிகையில் ஒரே சர்க்கரைக்கு மூன்று, நான்கு உச்சிகள் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது கலப்பு இல்லை, ஆல்ஃபா, பீட்டா வளையங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆல்டிட்டால் அசிட்டேட்டாக மாற்றினால் ஒன்றுக்கு ஒன்று என்று வரும். அப்போது யூரோனிக் அமிலம் தெரியாது.

"அயோடின் விட்டால் நிறம் மாறுகிறது"

2 சதவீதக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அயோடின் ஒரு துளி. நீலம் என்றால் ஸ்டார்ச், செம்பழுப்பு என்றால் டெக்ஸ்ட்ரின். சுத்தமான அரபுப் பிசினில் இரண்டும் வரக்கூடாது. டிராககாந்தில் மட்டும் இயல்பாகவே சில ஸ்டார்ச் மணிகள் இருக்கும், நுண்ணோக்கியில் அங்கங்கே நீலப் புள்ளிகள் தெரிந்தால் கடைக்காரர்மேல் பழிபோட வேண்டாம்.

நிறம் மாறவில்லை என்பதாலேயே கலப்படம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சங்கிலி குட்டையான மால்டோடெக்ஸ்ட்ரின் அயோடினுக்கு நிறம் தராது. நீராற்பகுத்தபின் தெரியும் குளுக்கோஸ் பொட்டுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். நீராற்பகுக்காத பிசினையும் அதே பிளேட்டில் பக்கத்தில் ஓடவிடுங்கள், அங்கேயே சர்க்கரைப் பொட்டு தெரிந்தால் யாரோ சீனியோ வெல்லமோ கலந்திருக்கிறார்கள். பொடியாக வாங்கியிருந்தால் போராக்ஸ் ஒரு துளி விட்டுப் பாருங்கள், கெட்டியாக உறைந்தால் கொத்தவரைப் பிசினான குவார் கலந்திருக்க வாய்ப்பு. நீர்த்த பிசினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இளஞ்சிவப்பு நிலைத்தால் கராயா.

ஃபெரிக் குளோரைடு விட்டுக் கருத்தால் டானின் இருக்கிறது. நம் ஊர்க் கருவேலம் பிசினில் இது சகஜம்.

"ஒளிச்சுழற்சி குறி தலைகீழாக வருகிறது"

ஒளிச்சுழற்சி என்பது கரைசல் வழியே போகும் முனைவாக்கிய ஒளி எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திரும்புகிறது என்பது; அளக்கும் கருவி போலாரிமீட்டர். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டினாள். புத்தகத்தில் −30, அவளுக்கு நல்ல பெரிய நேர்க்குறி எண். போலாரிமீட்டரைக் கழற்றி மாட்டி, சோடியம் விளக்கை மாற்றி, சுக்ரோஸ் வைத்து மறுபடி அளந்து, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பையில் "அரபுப் பிசின்" என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தது கருவேலம் பிசின். கருவி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சூடானின் கொர்தோபான் பகுதியில் ஹஷாப் என்று அழைக்கும் செனகல் பிசின் −30ஐ ஒட்டிச் சுழற்றும். தல்ஹா என்று அழைக்கும் செயால் பிசின் +50ஐ ஒட்டி எதிர்ப்பக்கம். கருவேலம், சீமைக்கருவேலம் இரண்டும் நேர்க்குறிதான். ஹஷாபில் தல்ஹாவைக் கலந்தால் எண் பூஜ்யத்தை நோக்கி நகரும். ஆகவே குறி மாறியிருந்தால் அதைப் பிழையாக நினைக்காதீர்கள், மரத்தின் அடையாளம் அது.

குறி சரி, எண்தான் ஆடுகிறது என்றால் செறிவைப் பாருங்கள். 1 சதவீதக் கரைசலை 10 சென்டிமீட்டர் குழாயில் வைத்தால் நீங்கள் படிக்கவேண்டியது வெறும் 0.30 டிகிரி. கண்ணால் பார்த்துத் திருப்பும் போலாரிமீட்டரில் 0.05 தவறினாலே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. 20 சென்டிமீட்டர் குழாய், முடிந்தால் 2 சதவீதக் கரைசல், நுண்துளை வடிகட்டி, ஒரு குமிழி இல்லாமல். செறிவை உலர் எடையில் போடுங்கள், ஈரத்தைக் கழிக்கவில்லையென்றால் 13 சதவீதம் இங்கேயும் காணாமல் போகும்.

"ஆல்கஹால் ஊற்றியும் வீழ்படிவு வரவில்லை"

ரெசினில் விட்டு உப்பெல்லாம் நீக்கியபின் நேராக ஆல்கஹால் ஊற்றினீர்களா? அதுதான். உப்பு சுத்தமாக இல்லாத பிசின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பால் மாதிரி கலங்கி நிற்கும். ஒரு சிட்டிகை சோடியம் குளோரைடு போடுங்கள், கண்ணெதிரே திரிந்து இறங்கும். முதல்முறை பார்க்கும் எவருக்கும் பிடித்துப்போகும் காட்சி.

"சாம்பல் கருப்பாகவே இருக்கிறது"

நேராக 550 டிகிரிக்குப் போனால் பிசின் நுரைத்துப் பொங்கி கார்பனை உள்ளே அடைத்துக்கொள்ளும். முதலில் சிறு தீயில் புகை அடங்கும்வரை கருக்குங்கள். பிறகும் கருப்பு நின்றால் ஆறவிட்டு, இரண்டு துளி தண்ணீர் விட்டு, உலர்த்தி, மறுபடி மஃபிள் உலையில் வையுங்கள். சாம்பல் 4 சதவீதத்தைத் தாண்டினால் அமிலத்தில் கரையாத சாம்பலைத் தனியே பாருங்கள். அது 0.5க்கு மேல் என்றால் மணல், மண். பிசின் பொறுக்கும்போதே வந்தது.

"நைட்ரஜன் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது"

செனகல் பிசினில் நைட்ரஜன் சுமார் 0.3 சதவீதம்தான். 1 கிராம் மாதிரியில் 3 மில்லிகிராம். 0.1 நார்மல் அமிலத்தால் டைட்ரேட் செய்தால் செலவாவது 2.1 மில்லி, அதில் பிளாங்கே பாதியைத் தின்றுவிடலாம். 0.02 நார்மலுக்கு மாறினால் 10.7 மில்லி வரும், பியூரெட் படிப்பதில் பிழை சுருங்கும். புரதத்துக்கு 6.25ஆல் பெருக்காதீர்கள், இதன் அமினோ அமில அமைப்புக்கு 6.6தான் பொருந்தும். நைட்ரஜன் பல மடங்கு எகிறியிருந்தால் நைட்ரஜன் அளக்கும் கெல்டால் கருவியை விட்டுவிட்டுப் பிசினைப் பாருங்கள்: வேப்பம் பிசினில் புரதம் இயல்பாகவே மிக அதிகம், அதன் பழுப்பு நிறத் துண்டுகள் உங்கள் பிசினோடு கலந்திருக்கலாம்.

"பாகுத்தன்மை நேற்று ஒன்று, இன்று ஒன்று"

கரைசலை மேசையில் விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். பாக்டீரியாவுக்கு இது விருந்து, நம் வெயிலில் இரண்டு நாளில் நாற்றம் வரும், நாற்றம் வருவதற்கு முன்பே பாகு இளகத் தொடங்கியிருக்கும். அன்றன்று கரைத்து அன்றன்று அளந்துவிடுங்கள், வைத்திருந்தே ஆகவேண்டுமென்றால் சோடியம் பென்சோவேட் சேர்த்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். கொதிக்கவைத்துக் கரைப்பதும் வேண்டாம், கராயாவில் அப்படி இழந்த பாகுத்தன்மை திரும்பவே வராது.

கரைசல் புதியது, ஆனாலும் சென்ற மாதத்தைவிடக் குறைவு என்றால் பொடியே பழையதாகிவிட்டது. பொடித்த கராயா ஈரமும் சூடும் உள்ள அறையில் அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே பலவீனப்படும், டப்பாவைத் திறந்ததும் மூக்கில் காடி ஏறும். முழுத் துண்டுகளாக இருக்கும்போது இது எவ்வளவோ மெதுவாக நடக்கிறது. அதனால் வாங்கியதை எல்லாம் முதல் நாளே அரைத்துவிடாதீர்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடியுங்கள், மீதியைத் துண்டுகளாகவே இறுக மூடி, எந்த ஊரில், எந்த மரத்திலிருந்து, எந்த மாதம் எடுத்தது என்று சீட்டெழுதி ஒட்டி வையுங்கள். கடையில் வாங்கியதானால் மரத்தின் பெயர் எழுதும் இடத்தை ஒளிச்சுழற்சி பார்க்கும்வரை காலியாக விடுங்கள்.